கந்தோர்க் கணினியும் கடைசிப் படகும்

நெடுந்தீவிலிருந்து யாழ்ப்பாணக் கச்சேரிக்கு ஒரு அலுவலாக வரும் வயோதிப மாதுக்கு அன்றைய பொழுது எப்படிப் போகும் என்பதைத் தீவகத்தாருக்குச் சொல்லித் தெரியவைக்க வேண்டியதில்லை. காலை வெள்ளெனவே இறங்குதுறைக்கு வரவேண்டும். குமுதினியோ வடதாரகையோ நெடுந்தாரகையோ, அன்றைக்கு எந்தப் படகு ஓடுகிறதோ அதில் ஏறி ஒரு மணித்தியாலம் அளவில் கடலில் இருக்கவேண்டும். குறிகட்டுவானில் இறங்கி 776ஆம் இலக்க பஸ்ஸைப் பிடித்தால் புங்குடுதீவு, வேலணை, மண்கும்பான், அல்லைப்பிட்டி, பண்ணைப் பாலம் என்று பட்டினம் வந்துசேர இன்னும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல். பிறகு கந்தோர் வரிசை. முறை வந்து உள்ளே போனதும், "அம்மா, உங்கட ஐடென்ரிக் காட் நம்பர் லிஸ்ற்றில பிழையாக் கிடக்கு. விதானையாரிட்டத் திருத்திக்கொண்டு வாங்கோ" என்று ஒரு வசனம். அந்த விதானையார், அதாவது கிராம அலுவலர், இருப்பது நெடுந்தீவில். கடைசிப் படகைத் தவறவிட்டால் இரவு தங்கவும் இடம் தேடவேண்டும்.

அந்தப் பிழை எங்கே நடந்தது? பெரும்பாலும் ஒரு எக்செல் தாளின் ஒரு கட்டத்தில். யாரும் வேண்டுமென்று செய்ததல்ல. அந்த மென்பொருளை எப்படிப் பயன்படுத்துவதென்று அந்த மேசையில் இருந்தவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். அதற்கான விலையைக் கடலிலும் பஸ்ஸிலும் கொடுப்பவர் அந்த அம்மா.

டிஜிட்டல் அரசு பற்றி நாட்டில் இப்போது நிறையப் பேசப்படுகிறது. 2025 பெப்ரவரியில் கவ்பே என்ற கொடுப்பனவு முறை தொடங்கியது. இந்திய உதவியுடன் டிஜிட்டல் அடையாள அட்டைக்கான ஏற்பாடுகள் நடக்கின்றன. வரவேற்கிறேன். ஆனால் ஊர்காவற்றுறையிலும் வேலணையிலும் நெடுந்தீவிலும் ஒரு சாதாரண மனிதரின் நாளைக் காப்பாற்றக்கூடிய கருவி ஏற்கெனவே கந்தோர் மேசைகளில் இருக்கிறது. எக்செல்லும் வேர்டும்தான் அது. காசு கொடுத்து வாங்கியாயிற்று, கணினி ஓடுகிறது, ஆளும் இருக்கிறார். அதில் பத்தில் ஒரு பங்கைக்கூட நாம் பயன்படுத்தவில்லை என்பதே என் மனக்குறை. எக்செல்லைக் கோடு போட்ட காகிதமாகவும் வேர்டைத் தட்டச்சுப் பொறியாகவும் வைத்துக்கொண்டு அடுத்த புதிய மென்பொருளுக்காகக் காத்திருக்கிறோம்.

அடையாள அட்டை இலக்கத்தையே எடுத்துக்கொள்வோம். 2016 முதல் வழங்கப்படும் தேசிய அடையாள அட்டைகளில் இலக்கம் 12 தானங்கள் கொண்டது. எக்செல்லில் ஒரு கட்டத்துக்கு எந்த வடிவமும் குறிக்காமல் 12 தான எண்ணை அடித்தால், மென்பொருள் அதைப் பெரிய தொகை என்று எடுத்துக்கொண்டு சுருக்கிக் காட்டும்: 1.98 என்று தொடங்கி, ஒரு ஆங்கில எழுத்து, ஒரு கூட்டல் குறி, பிறகு 11. உண்மையான எண் உள்ளே பத்திரமாகத்தான் இருக்கும். ஆனால் அந்தத் தாளை அப்படியே எளிய எழுத்துக் கோப்பாகச் சேமித்து வங்கிக்கோ கொழும்புக்கோ அனுப்பினால், திரையில் தெரிந்த சுருக்கம் மட்டுமே போய்ச் சேரும். மிச்ச இலக்கங்கள் தொலைந்துவிடும். தொலைபேசி இலக்கத்துக்கும் இதே கதிதான். 021 என்று தொடங்கும் எண்ணின் முன்பூச்சியம் காணாமற் போகும். மருந்து மிகச் சிறியது. அடிக்கத் தொடங்க முன்னர் அந்த நிரல் முழுவதையும் தெரிவுசெய்து, வடிவத்தை எழுத்து என்று மாற்றிவிட வேண்டும். அரை நிமிட வேலை. இந்த அரை நிமிடம் தெரியாததால் எத்தனை பேர் இறங்குதுறைக்கும் கந்தோருக்கும் இடையில் அலைந்திருப்பார்கள்!

பிறந்த திகதியிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. கணினி அமெரிக்க வழக்கத்துக்கு அமைக்கப்பட்டிருந்தால், 05/03/1955 என்று அடிப்பதை அது மே மாதம் 3ஆம் திகதி என்று எடுக்கும். 21/04/1955 என்று அடித்தால் 21ஆவது மாதம் இல்லையென்பதால் அதைத் திகதியாகவே ஏற்காது, வெறும் எழுத்தாக விட்டுவிடும். ஒரே நிரலில் பாதி பிழையான திகதி, பாதி திகதியே அல்ல. இந்தத் தாளை வைத்து 70 வயதைக் கடந்தவர்களைப் பிரித்தெடுத்தால் தகுதியுள்ளவர் விடுபடுவார், தகுதியில்லாதவர் உள்ளே வருவார். வெளியே பார்ப்பவர்கள் விதானையாரில் பழி போடுவார்கள்.

இந்தத் தொல்லை நமக்கு மட்டுமானதல்ல. மனித மரபணுக்களில் சிலவற்றின் குறியீட்டுப் பெயர்கள் மார்ச், செப்டெம்பர் மாதங்களின் சுருக்கத்தை ஒத்திருந்ததால் எக்செல் அவற்றைத் திகதியாக மாற்றிக்கொண்டே இருந்தது. விஞ்ஞானிகள் பல ஆண்டுகள் போராடிய பிறகு, மரபணுக்களுக்குப் பெயரிடும் சர்வதேசக் குழு 2020இல் அந்தப் பெயர்களையே மாற்றிவிட்டது. அதே ஆண்டு ஒக்டோபரில் இங்கிலாந்தில் 15,841 கொரோனாத் தொற்றாளர்களின் விபரம் நாளாந்தக் கணக்கில் சேராமல் விடுபட்டது தெரியவந்தது. 65,536 வரிசைகளுக்கு மேல் இடமில்லாத பழைய எக்செல் கோப்பு வடிவத்தில் தரவை ஏற்றியதுதான் காரணம். விடுபட்டவர்களோடு பழகியவர்களைத் தேடும் பணி நாட்கணக்கில் பிந்தியது. அவ்வளவு வசதி படைத்த நாட்டிலேயே அப்படியென்றால், நமது முகாமைத்துவ உதவியாளர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. அவர்களுக்குக் கற்றுக்கொடுக்காதவர்களிடம்தான் கேள்வி.

தமிழில் வேலைசெய்வதால் நமக்கு மட்டும் இன்னொரு பெரிய இடைஞ்சல் இருக்கிறது. அது பாமினி எழுத்துரு.

வடக்கிலும் கிழக்கிலும் தமிழே நிர்வாக மொழி என்பது அரசியலமைப்பில் எழுதப்பட்டது. அந்த உரிமைக்காகக் கொடுத்த விலை பெரியது. ஆனால் நம் கந்தோர்களில் இன்றைக்கும் பல கோப்புகளில் கணினிக்குத் தமிழ் தெரியாது. பாமினி எழுத்துருவில் அடித்த கோப்பில் திரைக்குத் தெரிவது தமிழ், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளும் குறிகளும். 'அ' உள்ளே சின்ன 'எம்'. 'ஆ' பெரிய 'எம்'. 'ய' சின்ன 'ஏ'. 'இ' ஒரு காற்புள்ளி.

இதனால் நடப்பதைக் கிட்ட இருந்து பாருங்கள். அன்னம்மா, இலட்சுமி, கமலா, சரஸ்வதி, பவளம், யமுனா என்று ஆறு பெயர்களைப் பாமினியில் அடித்து எக்செல்லில் அகரவரிசைப்படுத்தச் சொன்னால், முதலில் இலட்சுமி வருவார், ஏனென்றால் காற்புள்ளி எழுத்துகளுக்கு முன்னே நிற்கும். அடுத்து யமுனா. பிறகு கமலா, பவளம். அதற்கும் பிறகுதான் அன்னம்மா. கடைசியில் சரஸ்வதி. நூற்றுக்கணக்கான பெயர்கள் உள்ள பட்டியலில் இப்படி வந்தால் யாரால் ஒரு பெயரைத் தேடிப் பிடிக்க முடியும்? தேடற் பெட்டியில், கணினி தமிழாகவே அறியும் யூனிகோட் முறையில் 'கமலா' என்று அடித்தால் அப்படி ஒருவர் இல்லை என்று கணினி சொல்லும். பெயர் கண் முன்னால் இருக்கும். அதனால்தான் நம் கந்தோர்களில் பட்டியலை அச்சிட்டு, அடிமட்டம் வைத்து, விரலால் தடவித் தேடுகிறார்கள்.

பழைய அடையாள அட்டை இலக்கத்தின் கடைசியில் வரும் 'வீ' என்ற ஆங்கில எழுத்து பாமினி எழுத்துருவில் 'ஏ' ஆகிவிடும். 'எக்ஸ்' வந்தால் 'ஓ'. ஒவ்வொரு வரிசையிலும் எழுத்துருவை மாற்றி மாற்றி அடிக்கிற அந்தப் பிள்ளையின் பொறுமையை நினைத்துப் பார்க்கிறேன். அந்தப் பொறுமைக்கு நல்ல கருவியைக் கொடுத்திருந்தால் பிரதேச செயலகமே வேறு மாதிரி இயங்கியிருக்கும்.

தமிழ் யூனிகோட்டில் 1991இலேயே இடம்பெற்றுவிட்டது. தமிழ்நாட்டு அரசு 2010இல் அதைத் தன் தரமாக அறிவித்தது. இலங்கைத் தமிழ் எழுத்துகளைச் சேர்த்துவைக்கும் நூலகம் இணையத்தளம் 2005 முதல் இயங்குகிறது. பாமினியில் அடித்ததை யூனிகோட்டுக்கு மாற்றும் கருவிகள் பல ஆண்டுகளாக இலவசமாகக் கிடைக்கின்றன. புலம்பெயர்ந்து வாழும் சுரதா யாழ்வாணன் ஆக்கிய மாற்றி எத்தனையோ தமிழருக்குக் கைகொடுத்தது. விசைப்பலகைப் பழக்கமும் தடையல்ல. பாமினி விசை அமைப்பிலேயே அடித்து யூனிகோட் பெறுகிற வசதி உண்டு. விரல்கள் புதிதாக எதையும் பழகத் தேவையில்லை. இனி ஒரு கடிதமோ பட்டியலோ பாமினியில் அடிக்கப்படாது என்று மாவட்டச் செயலகம் ஒரு திகதி குறித்து அறிவித்தால் போதும். பழைய பட்டியல்களைத் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.

இப்போது எக்செல்லாலும் வேர்டாலும் என்னென்ன முடியும் என்பதற்கு வருகிறேன். என் ஆதங்கமெல்லாம் இங்கேதான்.

ஒரு தீவகக் குடும்பத்திடம் அரசு எத்தனை தடவை ஒரே விபரத்தைக் கேட்டிருக்கும்? சமுர்த்திக்கு ஒருமுறை. 2023இல் கொடுப்பனவு தொடங்கிய அஸ்வெசும நலன்புரித் திட்டத்துக்கு இன்னொருமுறை. முதியோர் கொடுப்பனவுக்கு, வீட்டுத்திட்டத்துக்கு, கோடையில் குடிநீர் விநியோகத்துக்கு, மாரியில் வெள்ள நிவாரணத்துக்கு, கடற்றொழிலாளருக்கான மானியத்துக்கு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு படிவம், அடையாள அட்டையின் போட்டோக் கொப்பி, ஒரு புதிய பட்டியல். ஒவ்வொரு பட்டியலும் ஒவ்வொரு மேசையில். ஒருவருடைய பெயர் ஒன்றில் முதலெழுத்துடன், இன்னொன்றில் தகப்பன் பெயர் முழுதாக, வேறொன்றில் ஆங்கிலத்திலிருந்து திருப்பி எழுதப்பட்ட வேறு எழுத்துக்கூட்டலில். பெயரை வைத்து இந்தப் பட்டியல்களை ஒன்றோடொன்று ஒப்பிட யாராலும் முடியாது.

அடையாள அட்டை இலக்கத்தை வைத்து ஒப்பிடலாம். எக்செல்லில் வீ-லுக்கப் என்றொரு சூத்திரம் இருக்கிறது. ஒரு பட்டியலில் உள்ள இலக்கத்தை மற்றப் பட்டியலில் தேடி, அங்கே அந்த ஆளுக்கு எதிரே இருக்கிற விபரத்தை எடுத்துவந்து தரும். அஸ்வெசுமப் பட்டியலில் இருக்கிற 70 வயதானவர்களில் யார் முதியோர் கொடுப்பனவுப் பட்டியலில் இல்லை என்று பார்க்கக் கந்தோரில் இரண்டு பேர் இரண்டு நாள் இருக்கவேண்டியதில்லை. ஒரு பொழுது போதும்.

வயதைக் கேட்டுப் பிறப்புச் சான்றிதழ் கொண்டுவரச் சொல்லவும் தேவையில்லை. அடையாள அட்டை இலக்கத்துக்குள்ளேயே பிறந்த நாள் இருக்கிறது. பழைய ஒன்பது தான இலக்கத்தில் முதல் இரண்டும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது, பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்று கணக்கு. பெண்ணாக இருந்தால் அந்த எண்ணோடு 500 கூட்டப்பட்டிருக்கும். ஆக 55612 என்று தொடங்கும் இலக்கத்துக்குரியவர் ஒரு பெண், பிறந்தது 1955 ஏப்ரல் 21. இடப்பக்கத்திலிருந்து இத்தனை எழுத்தை எடு, நடுவிலிருந்து இத்தனை எழுத்தை எடு என்று சொல்லும் இரண்டு எளிய சூத்திரங்களால் ஒரு பிரிவிலுள்ள அத்தனை பேரின் வயதையும் ஒரே இழுவையில் கணக்கிட்டுவிடலாம். பழைய இலக்கத்தைப் புதியதாக மாற்றுவதும் அப்படியே: முன்னே 19, ஐந்தாம் தானத்துக்குப் பின்னே ஒரு பூச்சியம், கடைசியிலுள்ள ஆங்கில எழுத்து நீக்கம். ஒரே ஆள் ஒரு பட்டியலில் பழைய இலக்கத்துடனும் இன்னொன்றில் புதிய இலக்கத்துடனும் இருந்தாலும் இருவரும் ஒருவரே என்று அப்போது தெரிந்துவிடும். அடுத்த ஆண்டு யார் யார் 70 ஐத் தொடுகிறார்கள் என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு, அவர்கள் வந்து கேட்கமுன் விண்ணப்பப் படிவத்தை அவர்கள் வீட்டுக்கே அனுப்பும் பிரதேச செயலகம் ஒன்றை நினைத்துப் பாருங்கள். இதற்குக் கொழும்பின் அனுமதி வேண்டாம், கேள்வி மனுக் கோரல் வேண்டாம், ஒரு ரூபாயும் வேண்டாம்.

சின்னச் சின்ன ஒழுங்குகளும் முக்கியம். நெடுந்தீவில் ஆறு கிராம அலுவலர் பிரிவுகள் உண்டு, ஜே/01 முதல் ஜே/06 வரை. ஒரே தாளில் ஒருவர் ஜே/01 என்றும், ஒருவர் ஜே 1 என்றும், இன்னொருவர் நெடுந்தீவு மேற்கு என்றும் அடித்தால் கணினிக்கு அவை மூன்று ஊர்கள். பிரிவுவாரியாகக் கூட்டினால் கணக்கு உதைக்கும். அந்த நிரலில் இந்த ஆறில் ஒன்றை மட்டுமே தெரிவுசெய்யலாம் என்று ஒரு கீழ்விரி பட்டியல் போட்டுவிட்டால் பிழை நுழைய வழியே இல்லை. தலைப்பு வரிசையில் இரண்டு மூன்று கட்டங்களை ஒன்றாக இணைத்து அழகுபடுத்தும் பழக்கத்தையும் விடவேண்டும். இணைத்த கட்டங்கள் உள்ள தாளில் வரிசைப்படுத்தலும் வடிகட்டலும் ஒழுங்காக வேலை செய்யாது. ஒரு ஆளுக்கு ஒரு வரிசை, ஒரு விபரத்துக்கு ஒரு நிரல். அலங்காரம் அச்சிடும் தாளில் இருக்கட்டும்.

வேர்டில் மெயில் மேர்ஜ் என்றொரு வசதி இருக்கிறது. ஒரு கடிதத்தை ஒருமுறை அடித்து, எக்செல் பட்டியலோடு இணைத்தால் முந்நூறு பேருக்கு முந்நூறு கடிதம், ஒவ்வொன்றிலும் அவரவர் பெயர், இலக்கம், வரவேண்டிய நாள் எல்லாம் தானாகவே விழும். இன்றைக்கு அந்த முந்நூறையும் ஒவ்வொன்றாகப் பெயர் மாற்றி அடிக்கிறார்கள், அல்லது ஒரே அறிவித்தலை ஒட்டிவிட்டு எல்லோரையும் ஒரே நாளில் வரச்சொல்கிறார்கள். நயினாதீவார் வேலணைப் பிரதேச செயலகத்துக்கு வருகிறார்கள். அனலைதீவாரும் எழுவைதீவாரும் ஊர்காவற்றுறைக்கு வருகிறார்கள். கடிதத்தில் அவரவர் ஊர்ப் படகு நேரத்துக்கு ஏற்ற நேரத்தைப் போட்டுக் கூப்பிடலாமே. பட்டியலில் ஊர் என்ற நிரல் இருந்தால் மிச்சத்தைக் கணினி பார்த்துக்கொள்ளும்.

கையெழுத்து விடயத்துக்கு வருவோம். ஒரு பட்டியல் பிரதேச செயலகத்தில் கணினியில் அடிக்கப்படுகிறது. அச்சிடப்படுகிறது. ஒப்பமும் முத்திரையும் விழுகின்றன. பிறகு போனில் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பப்படுகிறது. மேலிடத்தில் ஒருவர் அந்தப் படத்தைப் பார்த்து மறுபடி கணினியில் அடிக்கிறார். இரண்டாவது தடவை அடிக்கும்போது பிழைகளும் இரண்டாவது தடவை நுழைகின்றன. மேலிடத்துக்குத் தேவை அந்த எக்செல் கோப்பே. அதை மின்னஞ்சலில் அனுப்பினால் செல்லாது என்ற பயம் பலருக்கு இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல் சட்டம் ஒரு ஆவணம் இலத்திரனியல் வடிவில் இருக்கிறது என்ற காரணத்துக்காக மட்டும் அதன் சட்டவலுவை மறுக்கக்கூடாது என்கிறது. சட்டம் வந்து எத்தனை வருடம்! ஒப்பமிட்ட தாளை ஆதாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், கோப்பைக் கோப்பாக அனுப்புங்கள் என்று மாவட்டச் செயலாளர் ஒரு சுற்றுநிருபம் விட்டால் ஒவ்வொரு கிளையிலும் மணிக்கணக்கான வேலை மிச்சம்.

மற்றப் பக்கத்தையும் சொல்லவேண்டும். பட்டியல்கள் ஒன்றுசேர்ந்தால் ஆபத்தும் சேரும். பெயர், அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு, தொலைபேசி இவையெல்லாம் உள்ள தாள் ஒரு பென் டிரைவில் வெளியே போனால் மோசடிக்காரருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியிருக்கிறது. பயனாளிகளின் பட்டியலை வட்ஸ்அப் குழுக்களில் போடுவதை இன்றோடு நிறுத்த வேண்டும். எக்செல் கோப்பைத் திறக்கக் கடவுச்சொல் வைக்கும் வசதி அந்த மென்பொருளிலேயே இருக்கிறது. யார் எந்தத் தாளைத் திருத்தலாம் என்பதையும் ஒருவர் பொறுப்பில் விடவேண்டும். எல்லோரும் எல்லாத் தாளையும் திருத்தினால் எது சரியான பட்டியல் என்று கொஞ்ச நாளில் யாருக்கும் தெரியாமற் போகும். 'இறுதி', 'புதிய இறுதி', 'இறுதி திருத்தியது' என்று பெயரிட்ட கோப்புகள் ஒரே மேசையில் கிடப்பதற்கு முடிவு கட்ட, கோப்பின் பெயரில் திகதியைப் போட்டால் போதும். தகவல் அறியும் உரிமைச் சட்டமும், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம், பதிவுகளை அட்டவணைப்படுத்தித் தேடக்கூடிய விதத்தில் வைத்திருப்பதை அரச அலுவலகத்தின் கடமையாக்கியிருக்கிறது.

"இணையத்தில் எல்லாம் வந்துவிட்டதே, இன்னும் எக்செல்லா?" என்று கேட்பவர்கள் தீவகத்தின் நிலையைப் பார்க்கவேண்டும். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு நான்கும் தேசிய மின்கட்டமைப்பில் இணைக்கப்படாதவை, நெடுங்காலம் டீசல் மின்பிறப்பாக்கிகளில் தங்கியிருந்தவை. எழுவைதீவுக்குக் காற்றும் சூரியனும் சேர்ந்த கலப்பு மின்திட்டம் வந்தது. மற்ற மூன்று தீவுகளுக்கும் இந்திய நன்கொடையில் அப்படியொரு திட்டத்துக்கு 2022 மார்ச்சில் உடன்பாடு கைச்சாத்தானது. மின்சாரமும் அலைவரிசையும் தளம்புகிற இடத்தில், இணையம் இருந்தால்தான் திறக்கும் தளத்தை மட்டும் நம்பியிருக்க முடியாது. மேசைக் கணினியில் இருக்கும் தாள் இணையம் இல்லாமலும் திறக்கும். எக்செல்லும் வேர்டும் 10 நிமிடத்துக்கு ஒருமுறை மீட்புப் பிரதி எடுக்கும்படிதான் அமைந்து வருகின்றன. அதை ஒரு நிமிடமாகக் குறைத்து வைத்தால், மின் போனாலும் பத்து நிமிட வேலை போகாது. தீவகக் கந்தோர் ஒவ்வொன்றிலும் இதை இன்றைக்கே செய்துவிடலாம்.

பழைய கணினி பற்றியும் ஒரு சொல். விண்டோஸ் 10க்கும் ஒப்பிஸ் 2016, 2019 பதிப்புகளுக்கும் 2025 ஒக்டோபர் 14 உடன் பாதுகாப்பு இற்றைப்படுத்தல் முடிந்துவிட்டது. புதிதாக உரிமம் வாங்கப் பணமில்லாத கந்தோர், பள்ளிக்கூடம், கூட்டுறவுச் சங்கம் எல்லாம் திருட்டுப் பிரதிக்குப் போகவேண்டாம். லிப்ரே ஒப்பிஸ் இலவசம், தமிழ் இடைமுகமும் உண்டு, எக்செல் கோப்புகளைத் திறந்து திருத்தும். மேலே சொன்ன சூத்திரங்கள் அத்தனையும் அதிலும் வேலைசெய்யும். பயிற்சி நன்றாக இருந்தால் மென்பொருள் எந்த நிறுவனத்தினது என்பது பெரிய விடயமேயில்லை.

பயிற்சி என்ற பெயரில் இப்போது நடப்பது பெரும்பாலும் பயன் தருவதில்லை. யாழ்ப்பாண நகரத்தில் ஒரு மண்டபம், இரண்டு நாள், திரையில் ஒவ்வொரு பட்டியாகத் திறந்து காட்டுவார்கள், சான்றிதழ் கொடுப்பார்கள். உதாரணத்துக்கு எடுக்கும் தாள் ஏதோ ஒரு கம்பனியின் விற்பனைக் கணக்கு. நெடுந்தீவு முகாமைத்துவ உதவியாளருக்கும் அதற்கும் என்ன தொடர்பு? பயிற்றுநர் படகேறி அவருடைய மேசைக்குப் போகவேண்டும். அவருடைய பட்டியலையே திறந்து, அதிலுள்ள பாமினியை மாற்றி, இலக்கங்களைத் திருத்தி, இரட்டைப் பதிவுகளை நீக்கி, முதலாவது மெயில் மேர்ஜ் கடிதக்கட்டு அச்சாகி வெளியே வரும்வரை பக்கத்தில் இருக்கவேண்டும். மூன்று மாதம் கழித்து இன்னொருமுறை போய்ப் பார்க்கவேண்டும். ஒரு கந்தோரில் ஒருவர் முழுதாகப் பழகிவிட்டால் மற்றவர்கள் அவரைப் பார்த்தே பழகிவிடுவார்கள். கிராம அலுவலர்களையும் அபிவிருத்தி உத்தியோகத்தர்களையும் அதே மேசையில் இருத்த வேண்டும். பட்டியல் பிறப்பதே அவர்கள் கையில்தான்.

புங்குடுதீவிலும் நயினாதீவிலும் அனலைதீவிலும் பிறந்து கனடாவிலும் பிரான்சிலும் சுவிற்சர்லாந்திலும் இலண்டனிலும் இருக்கிற உறவுகள் ஊருக்கு நிறையச் செய்திருக்கிறார்கள். பள்ளிக்கூடங்களுக்குக் கணினி அறை கட்டிக் கொடுத்தவர்கள் அவர்கள். அவர்களில் பலர் அங்கே வங்கியிலும் வைத்தியசாலையிலும் நகரசபையிலும் இதே எக்செல்லில் நாள்முழுவதும் வேலைசெய்பவர்கள். அடுத்த பத்துக் கணினிக்குச் சேர்க்கும் பணத்தை ஒரு பயிற்றுநரின் ஒரு வருடச் சம்பளத்துக்குக் கொடுங்கள் என்று கேட்கிறேன். விடுமுறையில் ஊருக்கு வரும்போது ஒரு வாரம் உள்ளூர்ப் பள்ளிக்கூட அதிபரின் அலுவலகத்திலோ கூட்டுறவுச் சங்கத்திலோ இருந்து இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு பட்டியலை ஒழுங்குபடுத்தக் காட்டிக்கொடுங்கள்.

வாடைக்காற்று எழும்பும் கார்த்திகை, மார்கழியில் கடல் கொந்தளித்துப் படகு நிற்கும் நாட்கள் வரும். அப்போது தீவுக்குள் யார் தனித்திருக்கும் முதியவர், யார் இரத்தச் சுத்திகரிப்புக்குப் பட்டினம் போகவேண்டிய சிறுநீரக நோயாளி, எந்தக் கர்ப்பிணிக்கு நாள் கிட்டுகிறது, யாருடைய தொலைபேசி இலக்கம் என்ன என்பது ஒரு தாளில் இருக்கவேண்டும். இதில் பாதி கிராம அலுவலரிடமும் பாதி குடும்பநல உத்தியோகத்தரிடமும் இப்போதே இருக்கிறது. நெடுந்தீவு ஏறக்குறைய நான்காயிரம் பேர் வாழும் தீவு. அந்த எண்ணிக்கை எக்செல்லுக்கு ஒரு பொருட்டே அல்ல. ஊர்காவற்றுறை, வேலணை, நெடுந்தீவு பிரதேச செயலாளர்கள் மூவரும் ஒரே வடிவத்தில் ஒரு தாளுக்கு இணங்கி, அடையாள அட்டை நிரலையும் தொலைபேசி நிரலையும் எழுத்து வடிவமாக்கி, யூனிகோட்டில் நிரப்பி, கடவுச்சொல் போட்டு, ஒருவரைப் பொறுப்பாக்கி, வருகிற மாரிக்கு முன் முடிக்கவேண்டும். இப்போது தொடங்கினால் முடியும்.